உளுந்து டப்பாவில் கார் சாவி

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.
கார்த்திகை 2

அன்பு மகள் செல்விக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், கை கால் கண் எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கின்றன. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் போகப் போக உனக்குச் சந்தேகம் வரும். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அபியும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அபியின் இருமல் நின்றதா, நான் சொன்ன மாதிரி பாலில் மிளகும் மஞ்சளும் போட்டுக் கொடுத்தாயா, இல்லை அந்த ஊர் மருந்தையே ஊற்றிக்கொண்டிருக்கிறாயா. தினமும்தான் வீடியோவில் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். வீடியோவில் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றிப் பேச முடியாது. அதோடு நான் ஒரு வரி சொன்னால் நீ பத்து வரி திட்டுவாய், கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. பக்கத்து வீட்டு ஜீனத்துன்னிசா அக்காவின் மகள் ஸமீஹா லீவு முடிந்து வியாழக்கிழமை பிரான்சுக்கு, உங்கள் லியோனுக்குத் திரும்புகிறாள். அவளிடம் உனக்குக் கறிவேப்பிலைப் பொடியும் எள்ளுப் பொடியும் கொடுத்தனுப்புகிறேன், டப்பாவுக்கு அடியில் இந்தக் கடிதம் இருக்கும். முதலில் சோறு வடித்து, பொடியைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு அப்புறம் படி. வயிறு நிறைந்தால் கோபம் பாதியாகிவிடும், நாற்பது வருஷமாக உன் அப்பாவிடம் நான் கண்டது.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் மாசம் அப்பா காரைப் பின்னால் எடுக்கும்போது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த தெருமுனை சொல்தா வீட்டு மதில் தூணில் இடித்ததும், அந்தப் பிரெஞ்சு பென்ஷன்காரர் பிரெஞ்சிலேயே நீட்டி முழக்கித் திட்டியதும், ஒன்றும் புரியாமல் அப்பா மெர்சி மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டு வந்ததும் உனக்குத் தெரியும். அன்றைக்கே நீ வீடியோவில் வந்து இனி அப்பா வண்டியைத் தொடக் கூடாது, சாவி அம்மாவிடம்தான் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டாய். நானும் சாமி படத்தைப் பார்த்துச் சரி என்று வாக்குக் கொடுத்தேன். சாவியை உளுந்து டப்பாவுக்குள் புதைத்து வைத்தேன், அப்பா அந்த டப்பாவைத் திறக்கிற ஆள் இல்லை. அப்புறம் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். பகலில் தாராளமாக ஓட்டலாம், ராத்திரி மட்டும் வேண்டாம் என்று கண் டாக்டர் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். அதைச் சொன்னபோதும் நீ முடியாது என்றாய். நீ வேலை பார்ப்பது இன்சூரன்ஸ் ஆபீஸ், நாள் முழுக்க இடித்த வண்டியும் கவிழ்ந்த வண்டியும்தான் உன் கண் முன்னால் வருகின்றன, நீ பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்றை நாங்கள் உன்னிடம் சொல்லவில்லை. சாவி டப்பாவுக்குள் போன நாளிலிருந்து அப்பா பாடவில்லை.

இருபத்திரண்டு வருஷம் புதுச்சேரி காரைக்கால் பஸ் ஓட்டியவர், ஸ்டியரிங்கில் கை வைத்தால்தான் அவருக்குத் தொண்டை திறக்கும் என்பது உனக்குப் புதிது இல்லை. சோபாவில் உட்கார வைத்துப் பாடச் சொன்னால் வராது, என்ஜின் சத்தம்தான் அவருக்குச் சுருதிப் பெட்டி. ரிடையர் ஆன பிறகு காய்கறிக்கடைக்குக் காரில் போய் வருவதற்குள் இரண்டு பாட்டு முடித்துவிடுவார். இந்த எட்டு மாசமாகச் சாப்பிட்டார், மோட்டார் போட்டார், பேப்பர் படித்தார், என்னோடு சண்டைகூடப் போட்டார், பாட்டு மட்டும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் வாயை மூட மாட்டாரா என்று அலுத்துக்கொண்டவள் நான். வாய் மூடியதும் வீடு என்னமோ போல் ஆகிவிட்டது. அழுதேன் என்று எழுத மாட்டேன், ஒரு நாள் மிக்சியை ஓட விட்டுவிட்டு மூக்கைச் சிந்தினேன், அவ்வளவுதான்.

இந்த நேரத்தில்தான் அப்பாவின் ரிடையர்டு டிரைவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. காரைக்காலில் ஐப்பசி கடைசி ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் போட்டி, அறுபது தாண்டிய கணவன் மனைவி சேர்ந்து பாட வேண்டும். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் இராமதாஸ், நிர்மலாதேவி என்று பெயர் கொடுத்துவிட்டார். எனக்குத் தெரிந்தபோது பத்து நாள்தான் பாக்கி. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, மேடையில் ஏறினால் ஒருவேளை வரும் நிர்மலா என்றார். அதற்குமேல் நான் சண்டை போடவில்லை. எனக்குப் பாட வராது என்பது ஊருக்கே தெரியும், சுமலதா சித்தி லாஸ்பேட்டையிலிருந்து போன் பண்ணி அக்கா நீ வாயை மட்டும் அசை, மீதியை மாமா பார்த்துப்பார் என்று யோசனை சொன்னாள். அவளுக்கு என்ன, புது ஸ்கூட்டர் வாங்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறாள், ஹெல்மெட் போடுகிறாளா என்று நீயாவது கேள், உன் உத்தரவெல்லாம் எங்களுக்கு மட்டும்தானா.

வீட்டுக்குள் பயிற்சி செய்து பார்த்தோம், அப்பாவுக்குக் குரல் எழும்பவே இல்லை. அதனால் அவர் பார்க்காதபோது டப்பாவிலிருந்து சாவியை எடுத்து வந்து, தெருவில் நிற்கிற காருக்குள் உட்கார்ந்து என்ஜினை மட்டும் போட்டுப் பாடிப் பார்த்தோம். நீ கோபப்படாதே, வண்டி நகரக் கூடாது என்றுதான் நீ சொன்னாய், நின்ற இடத்தில் ஓடக் கூடாது என்று சொல்லவில்லை. அரைக் குரல் வந்தது. நான்கு நாள் இப்படி நடந்தது, இரண்டு பேரும் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து வாயை வாயைத் திறப்பதைப் பார்த்து ஜீனத்துன்னிசா அக்கா பயந்துபோய் வந்து கதவைத் தட்டினார், உள்ளே மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாராம்.

உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற நான் ஆக்டிங் டிரைவர் வைத்தேன், இதைக் குறித்துக்கொள். ஸாகிப் என்று பெயர், நாற்பது வயசிருக்கும், நல்ல பொறுமைசாலி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு மணிக்குக் கிளம்பினோம். நான் பட்டுப் புடவை, அப்பா வெள்ளை வேட்டி சட்டை, பின் சீட்டில் இரண்டு பேரும் மாப்பிள்ளை பெண்ணு மாதிரி உட்கார்ந்திருந்தோம், விடாமல் தூறல். அப்பா ஸாகிப்பை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் அரியாங்குப்பம் பாலத்திலிருந்து அவருடைய வலது கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது, இல்லாத பிரேக்கை. ஸாகிப் கியர் மாற்றும்போதெல்லாம் இவர் உஸ் என்று மூச்சு விடுவார். முள்ளோடை தாண்டும்போது நான் பாட்டை ஒரு தடவை சொல்லிப் பாருங்கள் என்றேன். தொண்டையைச் செருமினார், வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடலூரில் டீ குடிக்க நிறுத்தியதும் ஸாகிப் சாவியை என் கையில் கொடுத்து, "அம்மா, ஐயா ஒண்ணும் சொல்லலதான், ஆனா எனக்கு முதுகு கூசிக்கினே வருது, நான் பஸ் புடிச்சுப் போயிடறேன்" என்றார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

செல்வி, இந்த இடத்தை நிதானமாகப் படி. டீக்கடைக் கூரைக்குக் கீழே நாங்கள் இரண்டு பேர், வெளியே மழை, என் கையில் சாவி. அப்பா சாவியைக் கேட்கவில்லை, அதைப் பார்க்கக்கூட இல்லை. வண்டிய இங்கயே வுட்டுட்டு பஸ்ல திரும்பிடலாம் நிர்மலா, கொழந்தைக்கு வாக்குக் குடுத்துருக்கோம் என்றார். கேட்டிருந்தால் நான் கொடுத்திருக்க மாட்டேன், நாற்பது வருஷமாக அவர் கேட்டதற்கெல்லாம் முடியாது என்று சொல்லிப் பழக்கம். கேட்காமல் நின்றதுதான் என்னை என்னமோ செய்துவிட்டது. கண் டாக்டர் சீட்டு என் கைப்பைக்குள்ளேயே இருந்தது, அதை எடுத்து ஒரு தடவை படித்தேன், பகல் மணி எட்டரை என்று பார்த்துக்கொண்டேன், சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். ஆகவே வாக்கை மீறியது நான். திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டு.

அவர் உட்கார்ந்து சீட்டைச் சரி பண்ணி, கண்ணாடியைத் துடைத்து, பெல்ட் போட்டு, கியரில் கை வைத்துவிட்டு அப்படியே இருந்தார். எட்டு மாசத்தில் எனக்கே மறந்துபோயிருந்தது. நான் இடது பக்கக் கண்ணாடியில் பார்த்து ரைட் என்றேன், அப்புறம்தான் வண்டி நகர்ந்தது. ரிடையர் ஆகி ஏழு வருஷமாகியும் யாராவது ரைட் சொல்லாமல் அவருக்கு வண்டி எடுக்க வராது, நீ கேலி பண்ணுவாயே, அதே வழக்கம்தான். ஆலப்பாக்கம் வருவதற்குள் முனகல் கேட்டது. சிதம்பரத்துக்கு முன்னால் பல்லவி வந்துவிட்டது, போட்டிக்கு எடுத்த அந்தப் பழைய படகுப் பாட்டு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்ன நிர்மலா மழைச் சாரலா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

புது நாலு வழிச் சாலையில் போனால் சீக்கிரம் போயிருக்கலாம், அவர் கேட்கவில்லை, ஊருக்குள் போகிற பழைய சாலையிலேயே போனார், அவருடைய பஸ் போன சாலை. அதோடு விட்டாரா, பாட்டு ஏற ஏற ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலும் தன்னை அறியாமல் ஓரம் கட்டி நிறுத்துகிறார், நான் ரைட் சொல்ல வேண்டியிருக்கிறது. கொள்ளிடம், சீர்காழி எல்லாம் அப்படியே தாண்டினோம். ஆக்கூர் முக்கூட்டில் நிறுத்தியபோது நான் ரைட் சொல்வதற்குள் பின் கதவைத் திறந்துகொண்டு ஒரு அம்மா ஏறி உட்கார்ந்துவிட்டார். மடியில் வயர் கூடை, கூடைக்குள் சேவல். காரைக்கால் ஒண்ணு என்று காசை நீட்டினார். இது ஷேர் கார் இல்லை, எங்கள் சொந்தக் கார் என்று நான் சொன்னதும், அப்ப ஏன் ஸ்டாப்புல நிறுத்துனீங்க என்று ஒரு கேள்வி கேட்டார் பார். மழையில் இறக்கிவிட மனசு வரவில்லை. ஜெயம் என்று பெயர், காரைக்காலில் மகள் வீட்டு விருந்துக்குச் சேவல் கொண்டுபோகிறார். அப்பா விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்தார், சேவலும் சேர்ந்துகொண்டது. ஜெயம் அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, ஐயா பாட்டு நல்லாத்தான் இருக்கு, கோழிதான் பயப்படுது என்றார்.

திருக்கடையூரில் வண்டி மெதுவானதும் பூக்காரப் பெண் ஒருத்தி என் பட்டுப் புடவையையும் அப்பாவின் வேட்டியையும் பார்த்துவிட்டு, அறுபதாம் கல்யாணமா, மாலை வாங்கிக்குங்க என்று ஜன்னல் வழியாகக் கையை விட்டாள். அப்பாவுக்கு அறுபத்தேழு என்று நான் சொல்ல, கொஞ்சம் லேட்டாத்தான் வந்திருக்கீங்க, பரவாயில்ல என்றாள். அப்பா வெட்கப்பட்டதைப் பார்க்க வேண்டுமே நீ. வேறு வழியில்லாமல் இரண்டு முழம் மல்லிகை வாங்கினோம், ஜெயம் அம்மாவுக்கும் ஒரு முழம். நண்டலாறு பாலம் தாண்டிக் காரைக்காலுக்குள் நுழையும்போது மணி ஒன்றரை. நாலு மணி நேரத்துக்குள் போக வேண்டிய ஊருக்கு ஆறரை மணி நேரம்.

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில். எங்கள் முறை வந்து மேடை ஏறினோம். பின்னணி இசையைப் போட்டார்கள். அப்பா மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், வாய் திறக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. இசையை நிறுத்தி மறுபடி போட்டார்கள், மறுபடியும் அதேதான். நடுவர் ஒருவர் தயவாகத்தான் சொன்னார், ஐயா பதட்டம் வேண்டாம், முடியாவிட்டால் இறங்கிக்கொள்ளலாம் என்று. அப்பா இறங்கத் திரும்பினார். அவர் இப்போது இறங்கினால் இனி காரிலும் பாட மாட்டார், எங்குமே பாட மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவருடைய கையைப் பார்த்தேன், மைக்கைப் பிடிக்காத கை இடுப்புக்குப் பக்கத்தில் எதையோ தேடுகிறது. கியரைத் தேடுகிறது.

அங்கே ஓரமாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை நானே இழுத்துக்கொண்டு வந்து போட்டேன். உட்காருங்கள் என்றேன். பாட்டுக்காரர்கள் உட்காரக் கூடாது என்று யாரோ சொன்னார்கள், நான் காதில் வாங்கவில்லை. அவர் உட்கார்ந்தார், மைக்கை நான் வாங்கி அவர் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டேன், அவருடைய இரண்டு கையும் தானாகத் தூக்கிக்கொண்டு ஸ்டியரிங் இருக்கிற இடத்துக்கு வந்தன. ஜனங்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும். நான் இடது பக்கம் திரும்பி மண்டபத்தை ஒரு தடவை பார்த்தேன். மூன்றாவது வரிசையில் ஜெயம் அம்மா, மகளோடு வந்து உட்கார்ந்திருக்கிறார், விருந்து ராத்திரிக்குத்தானாம், சேவல் நாற்காலிக்கு அடியில். என்னைப் பார்த்ததும், "நான் ஏறிட்டேன், எடுக்கச் சொல்லும்மா" என்று சத்தமாகச் சொன்னார். நான் மைக்கில் ரைட் என்றேன்.

எடுத்தார் பார் உன் அப்பா. பின்னணி இசைகூட இல்லை, அவர் கேட்கவும் இல்லை. தொண்டைக்குள்ளேயே என்ஜின் மாதிரி ஒரு சின்ன உறுமலை வைத்துக்கொண்டு அதன்மேல் பாட்டை ஏற்றினார். சரணத்தில் வளைவு வரும்போது கை இரண்டும் வளைந்தன. எட்டு மாசப் பாட்டும் அன்றைக்கே வந்துவிட்டது என்று நினைக்கிறேன். இரண்டாவது சரணம் என்னுடையது, எனக்கு வரி மறந்துவிட்டது, முதல் சரணத்தையே திரும்பப் பாடினேன், அதுவும் எந்தச் சுருதியில் என்று கேட்காதே. பரிசு கிடைக்கவில்லை. உட்கார்ந்தது தப்பு, இசை இல்லாமல் பாடியது தப்பு, மனைவி பாடியதில் சரியாக இருந்தது ரைட் என்ற ஒரு சொல்தான் என்று நடுவர் மைக்கிலேயே சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார். ஆறுதல் பரிசாக ஒரு ஃபிளாஸ்க் கொடுத்தார்கள். அன்றைக்கு லாட்ஜில் தங்கிவிட்டு மறுநாள் விடிந்த பிறகுதான் கிளம்பினோம், ஆறு மணிக்கு மேல் வண்டியைத் தொடவே இல்லை, கண் டாக்டர் சொன்னபடி. வழியெல்லாம் பாட்டு, ஒரு கீறல்கூட இல்லை, வேண்டுமானால் நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்புகிறேன்.

இத்தோடு முடிந்திருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன், மறைத்திருப்பேன், மறைக்க எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் அப்பா நேராகச் சமையலறைக்குப் போய், உளுந்து டப்பாவைத் திறந்து, சாவியை உள்ளே போட்டு மூடினார். நான் சொல்லவில்லை, அவராகவே. டப்பா எது என்று அவருக்கு மார்ச்சிலிருந்தே தெரிந்திருக்கிறது செல்வி. எட்டு மாசமாக எட்டி எடுக்கிற தூரத்தில் இருந்தும் தொடாமல் இருந்திருக்கிறார், உனக்குக் கொடுத்த வாக்குக்காக. அன்றிலிருந்து மறுபடியும் பாட்டு இல்லை. காலையில் வண்டியைத் துடைக்கிறார், உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார், இறங்கி வந்துவிடுகிறார். நேற்று நான் சாவியை எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் வைத்து, வாசலில் நின்று ரைட் என்றேன். அவர் எடுக்கவில்லை. "நீ சொன்னா ஆச்சா, பின்னாலேருந்து கொரல் வரணும்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை, அப்புறம் நினைவு வந்தது. உனக்கு ஆறு வயசிருக்கும், மே மாச லீவில் அப்பாவோடு காரைக்கால் போய் வருவாய். கண்டக்டர் உன்னைத் தூக்கிக் கடைசி சீட்டின்மேல் நிறுத்துவார், ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நீதான் ரைட் சொல்வாய். பஸ் முழுக்க ஆள் இருந்தாலும் உன் குரல் வந்தால்தான் அப்பா எடுப்பார், நீ தூங்கிவிட்டால் பஸ் நிற்கும், ஜனங்கள் உன்னை எழுப்புவார்கள். அந்தக் குரலுக்குத்தான் இப்போதும் காத்துக்கொண்டிருக்கிறார், லியோன் என்பது அவருக்குக் கொஞ்சம் நீளமான பஸ்ஸின் கடைசி சீட், அவ்வளவுதான்.

உன் பயம் பொய் இல்லை, அதை நான் சின்னதாக நினைக்கவில்லை. பகலில் மட்டும், பக்கத்து ஊருக்கு மட்டும், நான் பக்கத்தில் இருந்தால் மட்டும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கண் பரிசோதனை, இதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், சீட்டை நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். யோசித்துப் பார், அப்புறமும் வேண்டாம் என்றால் சரி, சாவி உளுந்துக்குள்ளேயே இருக்கட்டும், நான் மிக்சியைப் போட்டுக்கொள்கிறேன். நீ காலையில் சாப்பிடாமல் ஆபீசுக்கு ஓடாதே, குளிருக்குக் காதை மூடிக்கொள். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல், அபிக்கு ஆயாவும் தாத்தாவும் கொடுத்த முத்தம் இரண்டு. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க இங்கிருந்தே கை தூக்கி ஆசீர்வதிக்கிறேன்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உங்கள் ஊரில் விடியற்காலை ஐந்தரை மணி, இங்கே பத்து மணி, அந்த நேரத்தில் அப்பா வண்டிக்குள் உட்கார்ந்திருப்பார். போனில் கூப்பிடு, வீடியோ வேண்டாம், போட்டியைப் பற்றிக் கேட்க வேண்டாம், அறிவுரை எதுவும் வேண்டாம். போனைப் பின் சீட்டில் நான் வைத்துவிடுகிறேன். நீ ஒரே ஒரு சொல் சொன்னால் போதும்.

உன் அன்பு அம்மா
நிர்மலாதேவி